பதினொரு வால்வுகளுக்குப் பொட்டு வைத்த கதை

எனக்கு எந்த வேலையையும் அளவோடு செய்யத் தெரியாது. சட்டைக்கு இஸ்திரி போடச் சொன்னால் காலருக்கு உள்பக்கமும் போடுவேன். கிறிஸ்துமஸுக்குக் குடில் கட்டச் சொன்னால் மாட்டுத் தொழுவத்துக்கு வடிகால் சேர்த்துக் கட்டுவேன். ("உனுக்கு ஒரு வேல சொல்றதுக்கு நானே செஞ்சிட்டு பூடுவேன்" என்பது அம்மாவின் நிரந்தரப் புலம்பல்.) இந்தக் குணத்தால் உலகத்துக்கு இதுவரை பெரிய நன்மை எதுவும் விளைந்ததில்லை. ஒரே ஒருமுறை அது பறந்துபோய், மணலியில் ஒரு தொழிற்சாலை மேனேஜரின் நெற்றியில் ஒட்டிக்கொண்டது.

ஒன்பது வருடத்துக்கு முந்தைய கதை. டிப்ளமோ முடித்த கையோடு திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் சேர்ந்திருந்தேன். மணலி, எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளின் கண்ட்ரோல் வால்வுகளைக் கழற்றிக் கொண்டுவந்து, பழுது பார்த்து, திரும்பக் கொண்டுபோய் மாட்டுகிற பட்டறை. அங்கே வேலை பார்த்த ஒரே பெண் நான். ராயபுரத்திலிருந்து தினமும் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவேன். இறங்கும்போதே ஒரு இளவரசியின் தோரணை இருக்கும். ஆறு மாதம் டிரெய்னி. என்னோடு அதே நாளில் சேர்ந்தவன் பாபு, கொருக்குப்பேட்டைக்காரன். மணலியில் ஒரு தொழிற்சாலைக்குள்ளேயே நிரந்தரமாக இருந்து வால்வுகளைப் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு ஆள் தேவைப்பட்டது. ஆறாவது மாத முடிவில் எங்கள் இருவரில் ஒருவருக்கு அந்த வேலையும் அதற்கான கேட் பாஸும். அது எனக்குத்தான் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அந்த பாஸில் ஒட்டுவதற்கு போட்டோகூட எடுத்து வைத்திருந்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம் நடத்தியாக வேண்டும். கண்ட்ரோல் வால்வின் தலையில் ஆக்சுவேட்டர் என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். இரண்டு இரும்புத் தட்டுகளை வாய்க்கு வாய் கவிழ்த்து, விளிம்பைச் சுற்றி போல்ட் போட்டு முடுக்கினது போல இருக்கும். நடுவில் ரப்பர் விரிப்பு. அதன் பெயர் டயாபிரம். கீழ்த்தட்டுக்குள் காற்றை விட்டால் ரப்பர் மேலே எழும்பும், அதோடு சேர்ந்து தண்டு எழும்பும், வால்வு திறக்கும். காற்றை எடுத்துவிட்டால் மேல்தட்டில் இருக்கும் ஸ்பிரிங் கீழே அழுத்தி மூடிவிடும். மேல்தட்டின் உச்சியில் ஒரு சின்னத் துளை இருக்கும். ரப்பர் எழும்பும்போது அதற்கு மேலே இருக்கிற காற்று வெளியே போக வேண்டுமே, அதற்காக. இந்தத் துளையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

அந்த வருடம் மணலித் தொழிற்சாலையிலிருந்து பதினொரு வால்வுகள் வந்தன. அந்த இரட்டைத் தட்டை, அதாவது கேசிங்கை, கழற்றி, புது டயாபிரம் போட்டு, ஸ்பிரிங்கைச் சரிசெய்து, பெஞ்சில் வைத்து ஓட்டிப் பார்த்தது முழுக்க நான். காற்று மூன்று பவுண்டில் தண்டு அசைய ஆரம்பிக்க வேண்டும். பதினைந்தில் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். பதினொன்றும் கோடு போட்டது மாதிரி ஓடின. எங்கள் சூப்பர்வைசர் ஆறுமுகம் சார் திருநெல்வேலிக்காரர். பாராட்டுவதில் மகா கஞ்சர். அவரே "பரவால்லயே" என்றார். அன்று இரவு அந்த ஒரு சொல்லை வீட்டில் நான்கு முறை சொல்லிக் காட்டினேன்.

மறுநாள் ஆயுத பூஜை. எங்கள் வீடு மாதா கோயில் தெருவில். ஆயுத பூஜை என்றால் பக்கத்து வீட்டிலிருந்து பொரி கடலை வரும், அவ்வளவுதான் என் அனுபவம். பட்டறையில் ஆறுமுகம் சார் சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் என்னிடம் நீட்டினார்.

"பொம்பளப் புள்ள கையால வச்சா லட்சணமா இருக்கும். எல்லாத்துக்கும் வச்சிரும்மா."

பெஞ்சில் வேலை செய்தவளைப் பொட்டு வைக்க அனுப்புகிறாரே என்று எனக்குச் சுர்ரென்று வந்தது. வந்த கோபத்தை எப்படிக் காட்டுவது? இந்தப் பட்டறை இதுவரை கண்டிராத பொட்டு வைத்துக் காட்டுவது என்று முடிவு செய்தேன். (என் கோபமெல்லாம் இந்த மாதிரி யாருக்கும் உபயோகமில்லாத திசையில்தான் போகும்.)

சந்தனம் ஓடுகிற பதத்தில் இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. மஞ்சள்தூள் சேர்த்து, பிசைந்து, சப்பாத்தி மாவு பதத்துக்குக் கொண்டுவந்தேன். டிரில்லிங் மெஷினுக்கு வைத்தேன், வைஸுக்கு வைத்தேன், ஏர் கம்ப்ரசருக்கு வைத்தேன். கடைசியாக வரிசையில் நின்ற என் பதினொரு வால்வுகளுக்கு வந்தேன். உருண்டையான மேல்தட்டைப் பார்த்தால் அச்சு அசல் வழுக்கைத் தலை. அதில் பொட்டு வைக்கத் தோதாக ஒரு குழி. அந்தத் துளையில் திருகுகிற வலை மூடி ஸ்டோர்ஸிலிருந்து இன்னும் வந்திருக்கவில்லை. சந்தனத்தை உருட்டி, கட்டை விரலால் அந்தக் குழியில் நன்றாக அழுத்தி, மேலே வட்டமாகத் தடவி, நடுவில் குங்குமம் வைத்தேன். என்ன அழகாக உட்கார்ந்தது தெரியுமா! பதினொன்றுக்கும் ஒரே அளவு. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பார்த்தேன்.

பாபு பின்னால் வந்து நின்றான். "இன்னா ஸ்டெல்லா, பொண்ணு பாக்க வர்றாங்களா இதுங்கள?"

"உன் வேலையப் பாரு."

பூஜை போட்ட ஆயுதத்தை மறுநாள் வரை தொடக்கூடாது என்பது பட்டறைச் சட்டம். வெயிலில் சந்தனம் காய்ந்து சிமெண்ட் மாதிரி ஆனது. மூன்றாம் நாள் பதினொன்றும் லாரி ஏறி மணலி போயின. அங்கே குழாயில் ஏற்றி, தண்டைக் கோத்து, காற்றுக் குழாய் கொடுத்து மாட்டியது பாபு. ஏற்றினவர்கள், இறக்கினவர்கள், மாட்டினவன் எல்லாரும் அந்தப் பொட்டைப் பார்த்தார்கள். சாமிப் பொட்டை யார் துடைப்பார்கள்?

நான்காம் நாள் காலை, தொழிற்சாலை மேனேஜர் முன்னிலையில் ஓட்டிக் காட்ட வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு லைனில் நீராவி விடப்போகிறார்கள். ஆறுமுகம் சார் வழியிலேயே சொல்லிவிட்டார். "இன்னிக்கு எப்பிடி ஓடுதுன்னு பாத்துட்டுத்தான் பாஸு யாருக்குன்னு அவ்வோ சொல்லுவாவ."

மேனேஜர் வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, வெள்ளை ஹெல்மெட், கண்ணாடி. அதிகம் பேசாதவர். முதல் வால்வின் முன் நின்றோம். இடுப்பு உயரக் குழாயில் இருந்ததால் ஆக்சுவேட்டரின் உச்சி மார்பளவுக்கு வந்தது. ஆறுமுகம் சார் பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் காற்றைக் கூட்டுகிற ரெகுலேட்டரைத் திருகினேன்.

மூன்று பவுண்டில் தண்டு அசைந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஆறில் கொஞ்சம் ஏறியது. ஒன்பதில் முக்கி முனகியது. பதினைந்து பவுண்டு வந்தும் மூன்றில் ஒரு பங்கு தூரத்திலேயே நின்றுகொண்டு, இதற்குமேல் வர முடியாது என்று அடம் பிடித்தது.

"என்னாச்சு?" என்றார் மேனேஜர்.

இங்கேதான் நான் வாழ்நாள் முழுக்க வெட்கப்பட வேண்டிய காரியத்தைச் செய்தேன். யோசித்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, வகுப்பெடுக்கிற குரலில் ஆரம்பித்தேன்.

"சார், பெஞ்சில நல்லா ஓடிச்சு. ரெக்கார்டு இருக்கு. லைன்ல மாட்டின பிறகுதான் ஓடல. அப்ப மாட்டினதுலதான் தப்பு. தண்டைச் சுத்தி கசியாம இருக்க பேக்கிங் போடுவோம். அத ரொம்ப இறுக்கிட்டா தண்டைக் கவ்விக்கும். பாபு இறுக்கிட்டாப்ல."

பாபுவின் முகம் செத்துவிட்டது. "இன்னா ஸ்டெல்லா... நா ஒயுங்காதான் வச்சேன். கையாலயே வச்சேன்."

"ஏல, என்னத்த முழிச்சுட்டு நிக்கே? லூஸ் பண்ணு" என்றார் ஆறுமுகம் சார்.

பாபு ஸ்பேனரை எடுத்துத் தளர்த்தினான். வால்வு அசையவில்லை. இன்னும் தளர்த்தினான். அதே இடம். அவன் வால்வையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பதை நான் பார்த்தேன். பார்த்தும் என் வாய் நிற்கவில்லை. "தண்டைக் கோணலா கோத்திருப்பாப்ல சார், அதான்" என்று அடுத்த பழியையும் எடுத்து அவன் தலையில் வைத்தேன். உள்ளுக்குள் அந்த கேட் பாஸில் என் போட்டோ பளபளத்துக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் காத்து ஏத்திப் பாக்கறேன் சார், கேசிங் தாங்கும்" என்று ரெகுலேட்டரை இன்னும் திருகினேன். பதினெட்டு. இருபது. தண்டு எவ்வளவு ஏறியது என்று காட்டும் அளவுகோல் முள் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது; மேனேஜர் ஹெல்மெட்டைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, ஆக்சுவேட்டருக்கு மேலே குனிந்தார்.

டொப்.

துப்பாக்கிச் சத்தம் என்று அடித்துவிடலாம், இல்லை. சோடா பாட்டிலைத் திறக்கிற சத்தம்தான். அதைத் தொடர்ந்து 'புஸ்ஸ்ஸ்' என்று ஒரு நீளமான பெருமூச்சு. நான்கு நாளாக மூச்சுத் திணறிக் கிடந்த வால்வு கம்பீரமாக எழும்பி, முழுதாகத் திறந்து நின்றது. மேனேஜர் மெல்ல நிமிர்ந்தார். அவருடைய இரண்டு புருவத்துக்கும் நடுவில், கண்ணாடிக்கு ஒரு விரற்கடை மேலே, வியர்வை ஈரத்தில், நான் வைத்த பொட்டு அப்படியே ஒட்டியிருந்தது. வட்டம் கலையவில்லை. வெள்ளைச் சட்டையில் குங்குமம் தூவியிருந்தது. பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு நேராக டியூட்டிக்கு வந்தவர் மாதிரி இருந்தார்.

யாரும் மூச்சு விடவில்லை. (அந்த இடத்தில் வால்வு மட்டும்தான் விட்டது.)

மேனேஜர் நெற்றியைத் தொட்டார். விரலைப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். பிறகு வால்வின் உச்சியில் திறந்திருந்த துளையைப் பார்த்தார்.

"இது யார் வச்சது?"

ஆறுமுகம் சார் வானத்தைப் பார்த்தார். பாபு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாயைத் திறந்து 'இவதான்' என்று சொல்லியிருந்தால் நியாயம். சொல்லவில்லை.

"நான்தான் சார்" என்றேன். "பாபு மேல தப்பு இல்ல சார். எல்லாம் நான்தான்."

"இன்னும் எத்தனை வால்வுல வச்சிருக்கீங்க?"

"எல்லாத்துலயும் சார். பதினொண்ணு."

அதுவரை பாபு அடக்கி வைத்திருந்த சிரிப்பு அங்கே உடைந்துவிட்டது. குழாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துச் சிரித்தான். மேனேஜர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தபடி, "ரெண்டு மணிக்கு நீராவி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திரும்பி நடக்கும்போது அவர் தோள் குலுங்கியது கோபத்திலா, வேறெதிலா என்று எனக்கு அன்று தெரியவில்லை.

பத்துத் துளைகள், மூன்று மணி நேரம். கம்பி எடுத்தால் தடிமனாக இருந்தது; ஸ்குரூ டிரைவர் நுழையவில்லை. கடைசியில் என் கொண்டை ஊசிதான் சரியாகப் போனது. ஒவ்வொரு ஊசியாக உருவ, கொண்டை அவிழ்ந்து, ஹெல்மெட்டுக்குக் கீழே தலைமுடி நாலாபக்கமும் பறக்க, நான் நோண்டினேன். தூள் உள்ளே விழாமல் இருக்க, பாபு கீழ்த்தட்டில் மெல்லக் காற்று கொடுத்துக்கொண்டே வந்தான். ஒவ்வொன்றாக 'புஸ்' என்று விட்டது. ஐந்தாவது வால்வில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சாரி பாபு. உன்னப் போய் அப்பிடி சொல்லிட்டேன்."

"வுடு ஸ்டெல்லா. அந்த ஆளு நெத்தில பாத்தேன் பாரு, எனுக்கு கீற காண்டுலாம் அப்பவே பூடுச்சி. இன்னும் ஆறு கீது, நோண்டு."

ஒன்றே முக்காலுக்கு முடித்தோம். பதினொன்றும் ஓடின. கேட் பாஸ் பாபுவுக்குக் கிடைத்தது. நியாயம்தான். ஆனாலும் ஷேர் ஆட்டோவில் காலடிப்பேட்டை தாண்டும்வரை அழுதேன். எனக்கு மறுபடி ஆறு மாதம் டிரெய்னி. அதற்குப் பிறகு பெஞ்சிலேயே நிரந்தரமானேன். இன்று அந்த பெஞ்சுக்குப் பொறுப்பே நான்தான். எங்கள் பட்டறையிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு வால்வோடும் ஒரு சரிபார்ப்புத் தாள் போகும். அதில் கடைசி வரி, ஆறுமுகம் சார் கையெழுத்தில் எழுதி அப்படியே ஜெராக்ஸ் ஆகிக்கொண்டிருப்பது: 'காற்றுத் துளையில் சந்தனம் இல்லை.' புதிதாகச் சேர்கிறவர்கள் ஏன் என்று கேட்பார்கள். நான் டீ குடிக்கப் போய்விடுவேன்.

பாபு வாரம் ஒருமுறை மணலியிலிருந்து, பழுது என்று ஒரு வால்வைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வருவான். வந்ததும் எந்த வால்வு கண்ணில் பட்டாலும் அதன் உச்சியைத் தடவிப் பார்த்துவிட்டு, "மூச்சு வுடுது" என்பான். ஒரு வருடம் இதையே செய்தான். மணலியிலிருந்து கொண்டுவருகிற வால்வில் பழுது ஒன்றும் இல்லை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் எனக்குப் புரிந்தது. இரண்டு வீட்டிலும் சண்டை, சமாதானம், பிறகு கல்யாணம்.

வரவேற்புக்கு மேனேஜர் வந்திருந்தார். அதே வெள்ளைச் சட்டை. வாசலில் பாபுவின் அம்மா பன்னீர் தெளித்து, சந்தனத் தட்டை நீட்டினார். மேனேஜர் கையை நீட்டப் போனவர், சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"இத யார் கரைச்சது?"

"நான்தாங்க."

"பொண்ணு கை படலயே?"

"இல்லீங்க."

அதற்குப் பிறகுதான் தொட்டார். மேடையில் நின்ற எனக்கு, மண்டபமே சிரித்த சத்தம் மட்டும் கேட்டது.

இப்போது எங்கள் மகளுக்கு நாலு வயது. ஆயுத பூஜை வந்தால் மாமியார் ஸ்கூட்டர், மிக்ஸி, கிரைண்டர், பாபுவின் ஸ்பேனர் பெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார். கிண்ணம் என் கைக்கு மட்டும் வராது. போன வாரம் குழந்தைக்குச் சளி. மூக்கு அடைத்துக்கொண்டு, ராத்திரியெல்லாம் தூங்காமல், காலையில் அடுப்படியில் வந்து நின்று சிணுங்கினாள். நான் தைலம் தேடிக்கொண்டிருந்தேன். மாமியார் குழந்தையின் முகத்தைத் தூக்கிப் பிடித்து, மூக்கைப் பார்க்கவில்லை. நேராக நெற்றியைப் பார்த்தார். பிறகு கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"டேய் பாபு, கொயந்தைக்கு மூச்சு வரல. உம் பொண்டாட்டி பொட்டு வச்சிக்கீறா. கொண்ட ஊசி எங்க கீது பாரு!"