பார்ட்னர் நொண்டிய வாரம்

அடுத்தவர் மனத்தில் என்ன இருக்கிறது என்பதை அடுத்தவரைக் கேட்காமலே தெரிந்துகொள்ளும் ஒரு வகை மனிதர்கள் நம்மிடையே உலவுகிறார்கள். சோதிடர்களைச் சொல்லவில்லை. அவர்கள் நம் கையையாவது ஒருமுறை வாங்கிப் பார்க்கிறார்கள். இந்த வகையினர் அந்தச் சிரமமும் எடுத்துக்கொள்வதில்லை. பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்க்கும் காவலாளியைக் காட்டி, "வீட்ல இருந்தா அவருக்குப் போரடிக்கும்" என்பார்கள். கைகட்டி நிற்கும் குமாஸ்தாவைக் காட்டி, "அவனுக்கு நாற்காலியே ஒத்துக்காது" என்பார்கள். ஆனாலும் வாயுள்ளவர்களைவிட வாயில்லாச் சீவன்கள்மேல்தான் இவர்களுக்குப் பிரியம் அதிகம். காரணம் கேட்கிறீர்களா? குமாஸ்தா என்றைக்காவது எதிர்த்துப் பேசிவிடக்கூடும்.

இந்த இனத்தில் நன்றாக விளைந்து முற்றிய ஒருவரைக் காட்டுகிறேன். ஊர் அவரைப் பார்ட்னர் என்றுதான் அழைக்கும். வயது ஐம்பத்திரண்டு, அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்கு முதலாளி, சொந்தமாக ஒரு பழுப்பு நிறப் பெண்குதிரை. தொழிலில் அவருக்குக் கூட்டாளி யாரும் கிடையாது. குதிரையைத்தான் அப்படிச் சொல்வார். "நான் சவாரி செய்யறதில்லைங்க. நாங்க ரெண்டு பேரும் பார்ட்னர்ஸ். அவ சொல்லுவா, நான் கேப்பேன்." இதை அவர் சொல்லிக்கொண்டே, குதிரையின் விலாவில் குத்தி விரட்டும் முள்சக்கரத்தைக் காலில் மாட்டுவதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

அவர் கலந்துகொள்ளும் போட்டிக்கு ஈவன்டிங் என்று பெயர். முதல் நாள் குதிரை அடக்க ஒடுக்கமாக நடை பழகிக் காட்ட வேண்டும். இரண்டாம் நாள் கிராஸ்-கன்ட்ரி: நாலைந்து கிலோமீட்டர் மேடுபள்ளத்தில் பாய்ந்து, மரக்கட்டை, அகழி, நீர்க்குட்டை என்று முப்பது தடைகளைத் தாண்ட வேண்டும். மூன்றாம் நாள், உடம்பில் இன்னும் ஏதாவது மிச்சம் இருந்தால், மைதானத்தில் வண்ணக் கம்பங்களைத் தாண்ட வேண்டும். பதக்கம் மனிதன் கழுத்தில் விழும். நடுவழியில் இது வேண்டாம் என்று தோன்றினால் ஒரு கையை உயர்த்திப் போட்டியிலிருந்து விலகிக்கொள்ளலாம், அதற்கு விதி இருக்கிறது. இருவரில் யாருக்குக் கை இருக்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

பார்ட்னரிடம் ஓர் அகராதி இருந்தது, தலைக்குள். குதிரை காதைப் பின்னால் மடித்தால், கவனமாக இருக்கிறாள். பல்லை நறநறத்தால், ஆர்வம். வாலைச் சுழற்றினால் சந்தோஷம். வண்டியில் ஏற மாட்டேன் என்று நாலு காலையும் ஊன்றி அரை மணி நேரம் நின்றால், "விளையாடறா, குறும்புக்காரி." அந்த அகராதியை எந்தப் பக்கம் புரட்டினாலும் வலி என்ற சொல்லுக்குப் பொருள் கிடைக்காது. சட்டைப் பையில் 'குதிரை நலமே முதல் நலம்' என்று பொறித்த வில்லை ஒன்று குத்தியிருப்பார். குதிரைப் பிரியர்களின் கூட்டங்களில் அதைத் தொட்டுத் தொட்டுப் பேசுவார். கூட்டத்துக்கு வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்கள்.

இத்தனை நல்லவருக்கு ஒரு சோதனை வந்தது. போட்டிக்கு ஐந்து நாள் இருக்கும்போது, திங்கட்கிழமை காலை, லாயம் பார்க்கும் அக்கா குதிரையின் வலது முன்னங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குதிரைக்குப் பத்திரத்தில் நீளமாக ஏதோ பெயர். அக்காவுக்கு அது செல்லிதான்.

"சார், செல்லிக்குக் கால் சுடுது. பின்பக்க நரம்பு வீங்கியிருக்கு. தொட்டுப் பாருங்க."

"வெயில்ல நின்னிருப்பாக்கா."

"மத்த மூணு காலும் நிழல்லயா சார் நின்னுச்சு?"

பார்ட்னர் சிரித்தார். அக்காவின் நகைச்சுவை உணர்வை அவர் எப்போதும் பாராட்டுவார். சம்பள உயர்வு கேட்கும் சமயம் தவிர.

"ஓட்டிப் பாத்தேன் சார். தலை ஆடுது. போன வருஷம் பக்கத்து லாயத்துக் குதிரை, இதே மாதிரி கால்தான், பதினெட்டாவது தடையில விழுந்துச்சு. அப்புறம் அது எந்திரிக்கவே இல்ல. நான்தான் தலையை மடியில வச்சுக்கிட்டு இருந்தேன்."

"அது வேற குதிரைக்கா. இவ கண்ணைப் பாருங்க. ஓடணும் ஓடணும்னு துடிக்கிறா. அவளுக்கு ஓடப் பிடிக்கும்."

அந்தக் கண்ணை அக்கா, பார்ட்னர் குதிரையை வாங்குவதற்கு முன்பிருந்தே, பதினாலு வருடமாக, நாளைக்கு மூன்று வேளை பார்க்கிறார். குழாயைத் திறந்து காலில் தண்ணீர் பீய்ச்சினார்.

பார்ட்னருக்குக் கவலை இல்லாமல் இல்லை. கவலை காலைப் பற்றியதல்ல, வெள்ளிக்கிழமைப் பரிசோதனையைப் பற்றியது. போட்டி தொடங்குமுன் ஒவ்வொரு குதிரையையும் கெட்டித் தரையில் நாற்பது மீட்டர் மெல்லோட்டமாக ஓட்டிக் காட்ட வேண்டும். குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே ஓடுவார். இரண்டு நடுவர்களும் ஒரு கால்நடை மருத்துவரும் நின்று பார்ப்பார்கள். முன்னங்காலில் நோவுள்ள குதிரையின் தலை, நோவுள்ள கால் தரையில் படும்போது மேலே எழும், நல்ல கால் படும்போது தாழும். அந்த ஆட்டம் கண்ணில் பட்டால் போட்டி அதோடு முடிந்தது.

இங்கேதான் அவருடைய தொழில் அனுபவம் கைகொடுத்தது. அட்டை வளைந்துபோனால் தொழிற்சாலையில் என்ன செய்வார்கள் தெரியுமா? அதே மாதிரி வளைந்த இன்னொன்றை அதன்மேல் அடுக்குவார்கள். வாங்க வருகிறவர் கண்ணுக்கு இரண்டும் நேராகத் தெரியும். குறை தரையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். குதிரை நொண்டும்போது பக்கத்தில் ஓடும் மனிதனும் அதே கணத்தில், அதே அளவு நொண்டினால்?

பார்ட்னர் தன் தொடையில் தானே தட்டிக்கொண்டார்.

அதற்கு முதலில் அவள் எப்படி நொண்டுகிறாள் என்று தெரிய வேண்டும் அல்லவா? ஆறு வருடக் கூட்டாளித்தனத்தில் முதன்முறையாக அவர் குதிரையிலிருந்து இறங்கி, அதன் பக்கத்தில் நடந்து, அதன் காலைப் பார்த்தார். செவ்வாய் மாலை நாற்பது நிமிடம் பார்த்தார். குளம்பு தரையைத் தொடத் தயங்குவதையும், தோள் சட்டென்று பாரத்தை இடப்பக்கம் தள்ளுவதையும், தலை எழுவதையும் அவ்வளவு உன்னிப்பாக வேறு யாரும் பார்த்திருக்க முடியாது. அவளுக்கு எந்த இடத்தில், எவ்வளவு வலிக்கிறது என்பது இப்போது அவருக்குத் துல்லியமாகத் தெரியும். அறிவு என்பது எவ்வளவு உயர்ந்த விஷயம்!

புதன்கிழமை வீட்டுக் கூடத்தில் சோபாவுக்கும் ஜன்னலுக்கும் இடையே ஒத்திகை நடந்தது. அவர் மனைவி கையில் மடித்த துணியோடு நின்று பார்த்தார்.

"என்னங்க, கால்ல என்ன?"

"ஒண்ணுமில்ல. நடந்து பாக்கறேன்."

"நொண்டறீங்களே."

"நொண்டல. நொண்டற மாதிரி நடக்கறேன்."

இருபத்தாறு வருடத்தில் அந்த அம்மாள் இதைவிடக் கடினமான விளக்கங்களைக் கேட்டிருக்கிறார். எல்லாரும் சாப்பிட்டு முடித்தபிறகு கடைசியாகச் சாப்பிடுவதுதான் தனக்குப் பிடிக்கும் என்பதையே, கல்யாணமான புதிதில், கணவர் விருந்தாளிகளிடம் சொல்லும்போதுதான் தெரிந்துகொண்டார். உள்ளே போய்விட்டார்.

வியாழக்கிழமை ஒரு சிக்கல். நன்றாகப் பழகிய நொண்டல் காலை விட்டுப் போக மறுத்தது. பார்ட்னர் தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் கணக்காளர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா."

"சார் எப்பவுமே அப்படித்தான்," என்று கணக்காளர் மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். "வலியை வெளிய காட்டிக்க மாட்டார்."

"யோவ், வலியே இல்லைங்கறேன்."

"பாருங்க, கோபம் வருது. வலி ஜாஸ்தியா இருக்கு போல."

இரண்டு பேர் கையைப் பிடித்தார்கள். ஒருவர் காலைப் பிடித்தார். தொழிற்சாலை மருத்துவர் வந்து முழங்காலை அமுக்கினார், பாதத்தைத் திருகினார், நடந்து காட்டச் சொன்னார்.

"டாக்டர், நான்தான் சொல்றேனே. வலிச்சா எனக்குத் தெரியாதா?"

"வாய் வலிக்கலேன்னு சொல்லுது சார். கால் வேற சொல்லுது. நான் காலைத்தான் நம்புவேன்."

முழங்காலுக்குக் கட்டு, இரண்டு வாரம் ஓய்வு, மாடிப்படி கூடவே கூடாது. சொல்வதை யாருமே காதில் வாங்காமல், தன் உடம்பைப் பற்றித் தன்னைத் தவிர எல்லாரும் முடிவெடுப்பது எவ்வளவு பெரிய அக்கிரமம் என்று பார்ட்னருக்குக் காரில் திரும்பும்போது நெஞ்சு கொதித்தது. அந்தக் கொதிப்போடு நேரே லாயத்துக்குப் போய், செல்லிக்குச் சேணம் பூட்டி, இரண்டு சுற்று ஓட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். அவளுக்கு ஓடப் பிடிக்கும்.

வெள்ளிக்கிழமை வந்தது. கட்டை அவிழ்த்து எறிந்துவிட்டு, கோட்டும் கழுத்துப்பட்டியுமாகப் பார்ட்னர் கயிற்றைப் பிடித்தார். செல்லியின் பிடரி மயிரை அக்கா சின்னச் சின்னதாகப் பின்னிவிட்டிருந்தார். மனைவி வேலியோரம் நின்றார். பார்ட்னரும் செல்லியும் ஓடினார்கள்.

அழகு என்றால் அப்படியொரு அழகு. அவள் தலை எழும்போது அவர் தலை எழுந்தது, அவள் தோள் சரியும்போது அவர் தோள் சரிந்தது. நாற்பது மீட்டரும் ஒரு தாளம் பிசகவில்லை. மனிதனும் குதிரையும் ஓருயிராக இயங்க வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசி வந்தவர், அன்றைக்கு அதை நடத்தியே காட்டிவிட்டார். நடுவர்கள் குனிந்து தரையைப் பார்த்தார்கள். தரை சமமாகத்தான் இருக்கிறதா என்று ஒருவர் காலால் தேய்த்தும் பார்த்தார்.

கால்நடை மருத்துவர் ஒரு பெண்மணி. அவர் தரையைப் பார்க்கவில்லை.

"சார், குதிரையைப் பத்தி என்னால ஒண்ணும் சொல்ல முடியல. நீங்க நொண்டறீங்க."

"நானா? சேச்சே."

"நல்லாவே நொண்டறீங்க. உங்க நடை அதோட நடையைக் குழப்புது. வேற யாராவது ஓட்டிக் காட்டட்டும்."

பார்ட்னர் திரும்பிப் பார்த்தார். ரப்பர் காலணியோடு அக்கா ஏற்கெனவே கயிற்றுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்.

"இவங்க வேண்டாம் மேடம்," என்றார் பார்ட்னர் அவசரமாக. "வயசானவங்க. இவங்களுக்கு ஓடவெல்லாம் பிடிக்காது."

"யார் சொன்னா?" என்றார் அக்கா. "எனக்கு ஓடப் பிடிக்கும் சார்."

ஓடினார். முதுகு நிமிர்ந்து, கோடு போட்ட மாதிரி நேராக. பக்கத்தில் செல்லியின் தலை மட்டும் எழுந்தது, தாழ்ந்தது, எழுந்தது, தாழ்ந்தது. பின்னியிருந்த பிடரியெல்லாம் சேர்ந்து ஆமாம் ஆமாம் என்றது. மருத்துவர் குனிந்து காலைத் தொட்டுப் பார்த்தார். தொட்ட கையைச் சட்டென்று எடுத்தார்.

ஒலிபெருக்கியில் செல்லியின் போட்டி எண்ணைச் சொன்னார்கள். ஏற்கப்படவில்லை.

இதோடு பார்ட்னர் திருந்தினார் என்று நினைத்தால் நீங்கள் இந்த இனத்தை அறியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டில் எட்டுப் பேர் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்து, காலை ஒரு முக்காலிமேல் நீட்டி, தழுதழுத்த குரலில் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்:

"அந்த இடத்துல அவ என்னைத் திரும்பிப் பாத்தா. 'இன்னைக்கு வேண்டாம்'னு சொன்னா. எனக்கு மட்டும்தான் கேட்டுது. பதக்கம் என்ன பெரிய பதக்கம்? விட்டுட்டேன். அடுத்த மாசம் போட்டிக்கு வரேன்னு சொல்லியிருக்கா."

விருந்தாளி ஒருவர் மூக்கை உறிஞ்சினார். அப்போது பார்ட்னரின் மனைவி சமையலறையிலிருந்து வந்து, காலியாக இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்கிட்டயும் பேசினா," என்றார்.

"யாரு?"

"செல்லிதான். நேத்துக் காலையில லாயத்துக்குப் போயிருந்தேன். அடுத்த மாசம் இல்லையாம். ஆறு மாசம் கழிச்சுப் பாக்கலாம்னு சொன்னா. அதுவும் அக்கா கால்ல கை வச்சுப் பாத்து, சரின்னு சொன்னப்புறம்தானாம்."

பார்ட்னர் வாயைத் திறந்தார். குதிரை பேசாது என்று சொல்வதா? அதைச் சொல்வதற்கான கடைசி வாய்ப்பு ஒரு நிமிடம் முன்பு கடந்துபோயிருந்தது. எட்டுப் பேரும் அவரையே பார்த்தார்கள்.

"ஆமா," என்றார். "என்கிட்டயும்... ஆறு மாசம்னுதான்..."

"இன்னொண்ணும் சொன்னா," என்றார் மனைவி, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே. "எனக்குக் கடைசியா சாப்பிடப் பிடிக்காதாம்." எல்லாருக்கும் முன்னால் பரிமாறிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.

செல்லி இப்போது புல்வெளியில் இருக்கிறாள். காலையில் காலுக்குத் தண்ணீர், மாலையில் மெதுவாக ஒரு நடை, கயிறு அக்கா கையில். பார்ட்னர் 'குதிரையின் குரலைக் கேட்பது எப்படி' என்ற தலைப்பில் மூன்று ஊர்களில் பேசிவிட்டார். நல்ல வரவேற்பு என்று கேள்வி.

நீங்கள் அந்த வகை இல்லை, தெரியும். உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்குகிறவருக்கு உங்கள் வீடு என்றால் உயிர், உங்கள் மகனுக்குக் கணக்கு வகுப்பு என்றால் கொள்ளை ஆசை, உங்களிடம் வேலை செய்கிறவர்களை நீங்கள் வீட்டுக்குப் போகச் சொன்னாலும் போக மாட்டார்கள். எல்லாம் அவர்களே சொன்னதாகத்தான் இருக்கும். உங்கள் வார்த்தையை நான் சந்தேகிப்பேனா? இருந்தாலும் ஒரு சின்ன உதவி செய்யுங்கள். அவர்களில் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை ஒருமுறை ஓடிக் காட்டுங்கள், பார்க்கலாம்.