ஸ்டெப்னியும் லீவு விடும் இணையதளமும்

உலகத்தில் எத்தனையோ கோடி இணையதளங்கள் இருக்கலாம். வாரத்தில் நான்கு நாள் லீவு விடுகிற இணையதளத்தை நடத்துகிறவர், எனக்குத் தெரிந்து, ஸ்டெப்னி ஒருவர்தான்.

வெளியூரிலிருந்து போய், பழவேற்காடு பஜாரில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த இரண்டு வருடமும், தினம் காலையில் எனக்கு முன்னால் வந்து ஷட்டர் பக்கத்தில் நிற்பவர் அவர். ஜெராக்ஸ் எடுக்க ஒரு காகிதமும் இருக்காது. ஏரிக்குப் போவதை நிறுத்திவிட்ட மீனவர். மனைவி காலமாகிவிட்டார், மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். ஒரு காலத்தில் அவரிடம் இருந்த அம்பாசிடர் காரில் மிஞ்சியது ஸ்டெப்னி டயர் மட்டும்தான். ஊர் அதையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டது. வீட்டில் நாற்காலி கிடையாது. யார் போனாலும் அந்த டயரின்மேல்தான் உட்கார வேண்டும். ஆனால் யாரும் போவதில்லை.

"தம்பி, நம்ம காருக்கு ஒரு வெப்சைட்டு போடணும்" என்றார் ஒரு நாள்.

"விக்கிறதுக்கா அண்ணே?"

"வண்டியே இல்ல, இன்னாத்த விக்கிறது? எழுதுறதுக்கு."

இலவசமாகக் கிடைத்த ஒரு தளத்தில் பக்கம் திறந்தேன். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். 'மூன்றாவது கியர் போடும்போது குலதெய்வத்தை நினைக்கவும்' என்று ஒரு குறிப்பு. உப்புக் காற்றில் காரின் தரை துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்ததாம். அதற்கு 'வெற்றிலை துப்ப வசதி உண்டு' என்று எழுதச் சொன்னார். மழையில் முன்சீட்டில் குடை பிடிப்பது எப்படி என்பதற்குத் தனிப் பக்கமே உண்டு. நான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, "எழுது தம்பி, நிசம்தான்" என்று கோபித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை பக்கம் வெளியானது. செவ்வாய்க்கிழமை காலை ஓடி வந்து, "மூடு, மூடு! இன்னிக்கு கோதண்டம் பாடு!" என்றார்.

அந்த ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்பதற்கு முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். அடுத்தவன் நாளில் வலையை இறக்கினால் ஊரே திரண்டு வந்து கேட்கும். காரை வாங்கியது ஸ்டெப்னியும் அவர் நண்பர் கோதண்டமும் பாதிப் பாதி போட்டு. அதனால் காருக்கும் பாடு வைத்தார்கள். திங்கள், புதன், வெள்ளி இவருக்கு. செவ்வாய், வியாழன், சனி கோதண்டத்துக்கு. ஞாயிறு காருக்கு ஓய்வு.

ஒரு வியாழக்கிழமை, புது ஹாரன் மாட்டிய ஆசையில், ஸ்டெப்னி யாரிடமும் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு பொன்னேரி வரைக்கும் ஹாரனை அடித்துக்கொண்டே போய்விட்டார். அன்றைக்குத்தான் கோதண்டம் தன் தங்கைக்குச் சம்பந்தம் பேசக் குடும்பத்தோடு கிளம்பி வாசலில் நின்றிருந்தார். போக முடியவில்லை, சம்பந்தம் தட்டிப்போனது. பேச்சும் நின்றது. கார் பழைய இரும்புக்குப் போனது. கோதண்டம் ஆரம்பாக்கத்துக்கே குடிபோய்விட்டார்.

ஆகவே இணையதளத்திலும் வாரத்தில் மூன்று நாள் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, 'இன்று கோதண்டம் பாடு' என்ற ஒரே வரியையும், கீழே யாரும் எழுதக்கூடிய ஒரு கட்டத்தையும் மட்டும் நான் விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதுவும் கிடையாது, முழு லீவு.

"அண்ணே, வெறும் பக்கத்த யாரு வந்து பாப்பாங்க?"

"அவன் வந்து எழுதுவான். திட்டியாவது எழுதட்டும். அது போதும் எனக்கு."

மூன்று மாதம் காத்திருந்தார். கோதண்டம் எழுதவில்லை. இப்படி ஒரு பக்கம் இருப்பதே கோதண்டத்துக்குத் தெரியாது என்பது அப்புறம்தான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. உடனே கடையைப் பூட்டச் சொல்லி என்னையும் இழுத்துக்கொண்டு, பஸ் மாறி பஸ் மாறி ஆரம்பாக்கம் போனார். வழியெல்லாம் எதை முதலில் காட்டுவது என்று யோசனை. குடைப் பக்கமா, கியர் பக்கமா? போய்ச் சேர்ந்து, என் போனை அவர் நண்பர் முன்னால் நீட்டிய பிறகுதான் பார்த்தேன். அன்றைக்கு சனிக்கிழமை.

"இன்னாடா இது? என் பேரப் போட்டு காலியா வுட்டுகீற?" என்றார் கோதண்டம்.

நான் அவசரமாகப் பழைய பக்கங்களைத் திறக்கப் போனேன். ஸ்டெப்னி என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாணாம் தம்பி. இன்னிக்கு அவன் நாளு." பிறகு நண்பரிடம், "நீ எழுதணும்னுதான் வுட்டுகீறேன்" என்றார்.

கோதண்டம் போனை ஒரு விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "வண்டி போயி எத்தினி வருசம் ஆவுது. எல்லா நாளையும் நீயே வெச்சிக்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சாப்பாட்டு நேரம். சாப்பிட்டியா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பி வரும்போது, ஓயாமல் பேசுகிற ஸ்டெப்னி பஸ் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்தக் கஷ்டத்தில்தான் நான் ஒரு காரியம் செய்தேன். வியாழக்கிழமை வெறும் பக்கத்தில், 'நண்பா, பழசை மறந்துவிடு. இப்படிக்கு, கோதண்டம்' என்று எழுதிவிட்டு, "அண்ணே, பாருங்க, யாரு எழுதிகீறாங்கனு!" என்று கூவினேன்.

அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். சிரித்தார்.

"என்னிய அவன் ஒரு நாளும் நண்பான்னு கூப்ட்டதில்ல. டேய் பேமானின்னுதான் கூப்புடுவான்." சிரிப்பு நின்றது. "அடுத்தவன் நாள்ல வலை போட்டுட்டியே தம்பி. அன்னிக்கு நானும் இதத்தான பண்ணேன்."

அதற்குப் பிறகு ஆறு நாள் அவர் கடைக்கு வரவில்லை. யார் யாரோ வந்து ஆதார் கார்டு நகல் எடுத்துக்கொண்டு போனார்கள். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் எனக்குப் பேச இருந்தது அவர் ஒருவர்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவருக்கு நான் துணை என்றல்லவா அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்!

ஏழாம் நாள் ஷட்டர் பக்கத்தில் நின்றிருந்தார்.

"யோசிச்சிப் பாத்தேன். தனக்குன்னு பாடு இல்லாதவன்தான் அடுத்தவன் நாள்ல கைய வெப்பான். இனிமே புதன்கெழம உன்னுது."

"அது உங்க நாள் ஆச்சே அண்ணே?"

"அதான் குடுக்கிறேன். அவன் நாளையா எடுத்துக் குடுக்க முடியும்?"

வெளியூர்க்காரனுக்குப் பாடு கொடுக்கிற வழக்கம் அந்த ஏரிக்கரையில் கிடையாது. எனக்குக் கிடைத்தது.

கடையை மூடிவிட்டுச் சென்னைக்கு வந்து மூன்று வருடமாகிறது. இன்றும் செவ்வாய், வியாழன், சனி காலை எழுந்ததும் என் முதல் வேலை அந்தப் பக்கத்தை மறைப்பதுதான். கோதண்டம் இன்னும் ஒரு வரியும் எழுதவில்லை. புதன்கிழமைகளில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நானும் இத்தனை நாள் சும்மாவே விட்டிருந்தேன்.

இன்று புதன். இதை முதலில் அங்கே போட்டுவிட்டுத்தான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். தப்பாக ஏதாவது எழுதியிருந்தால் போன் பண்ணுங்கள் அண்ணே. தப்பில்லாவிட்டாலும் பண்ணுங்கள்.