டிவியில் கட்டிப்பிடித்த மகள்

பெருமதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கும் உங்கள் அத்தான் எழுதுவது. நான், உங்கள் அக்கா, மகள் மூவரும் நலம். ஒருவரோடொருவர் பேசாததால் வீட்டில் சத்தமும் இல்லை.

நீங்கள் எழுதும் நகைச்சுவைத் தொடரைத் தவறாமல் பார்க்கிறேன். அதில் வரும் ரிப்பேர்கார அப்பாவுக்கு வாரம் ஒருதரம் வேலை போகிறது, ஆனாலும் வீட்டில் மாடிப்படி இருக்கிறது. எங்கள் வீட்டில் சோபாவை விரித்தால் கதவு திறக்காது. அதாவது போகட்டும். தொடரில் அவர் தலை மெஷினுக்குள் மாட்டிக்கொண்டதைப் பார்த்த ஒரு அம்மாள், நான் அவர் வீட்டு மெஷினை ரிப்பேர் பார்க்கப் போனதும் பிள்ளைகளைக் கூப்பிட்டு வரிசையாக உட்காரவைத்துவிட்டார். எனக்குத் தலை மாட்டவில்லை. பிள்ளைகள் முகம் தொங்கிப்போயிற்று. அதுவும் போகட்டும்.

சனிக்கிழமை தொடரில் வந்த கதைதான் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். வேலையிலிருந்து நேராக, சட்டையெல்லாம் கிரீஸோடு போய் நின்றேன். "இவர் யாரும்மா?" என்று டீச்சர் கேட்க, அவள் என்னைப் பார்க்காமலே, "தண்ணி மெஷின் ரிப்பேர் பண்ண வந்தவரு மிஸ்" என்றாள். நான் என்ன செய்வேன்? "ஆமாங்க, எங்க இருக்கு மெஷினு?" என்று கேட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைக் கழற்றி மாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு நீ சாப்பிட வந்த அன்று அதை நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்தேன். நீ டிவியில் அந்தப் பெண்ணை ஓடிவந்து அப்பாவைக் கட்டிப்பிடிக்க வைத்துவிட்டாய். ஒரே கைதட்டல். எங்களில் யாரும் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லையே மாப்பிள்ளை!

கூடவே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மகள் எழுந்து நின்று, "இத மாமாகிட்ட சொன்னீங்களாப்பா?" என்றாள். அவ்வளவுதான், உள்ளே போனவள் நாலு நாளாகப் பேசவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் போனில் உன்னிடம், "என் வீட்டு வாசலை மிதிக்காதே" என்று கத்தினேன். உன் அக்கா அன்றிலிருந்து எனக்கு உப்பில்லாமல் பரிமாறுகிறாள். யோசித்தால் தப்பு என்னுடையது. எனக்கு வலித்ததை மறைக்க ஒரு குழந்தையின் வெட்கத்தை வேடிக்கைக் கதையாக்கினவன் நான். நீ கைதட்டலை மட்டும் சேர்த்தாய்.

இருந்தாலும் இனி எங்களைப் பற்றி ஒரு வரியும் எழுதாதே. இங்கே வரவும் வேண்டாம், கொஞ்ச நாள் ஆறட்டும். உன் பேனா ஓயாமல் ஓடட்டும்; வேறு வீட்டுப் பக்கமாக ஓடட்டும்.

ஆசியுடன்,
உன் அத்தான்

பி.கு.: உறை ஒட்டப் பசை தேடிப் போன நேரத்தில் மகள் இதைப் படித்துவிட்டாள். "அன்னிக்கு நான் ஏன் அப்படிச் சொன்னேன்னு நீங்க கேக்கவே இல்லையேப்பா" என்றாள். கேட்டேன். அழுதுகொண்டே சொன்னாள். என்ன சொன்னாள் என்பதை உனக்கு மட்டும் சொல்லமாட்டேன். "டிவியில அந்தப் பொண்ணு மன்னிப்பே கேக்காம கட்டிப்பிடிக்குது. மாமாவுக்கு ஒண்ணுமே தெரியல, உடனே வரச் சொல்லுங்க" என்கிறாள். மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, வா.