ஐந்து பள்ளிக்கும் ஒரே கேள்வித்தாள்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் தங்கையும் எங்கள் மகளும் நலம். அங்கு உங்கள் நலத்துக்கு என்ன குறை, கல்வி அலுவலகத்தில் அல்லவா இருக்கிறீர்கள்! விசாரிப்பு முடிந்தது, இனி என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள்.

பிள்ளைகள் கல்லூரிக்கும் வேலைக்கும் தயாரா என்று பார்க்க எங்கள் ஐந்து பள்ளிகளும் சேர்ந்து ஒரே தேர்வு வைக்கப்போகின்றன, அதன் முடிவைப் பார்த்துத்தான் இனிக் கல்லூரியில் இடம் என்பது உங்களுக்குத் தெரியும், கோப்பே உங்கள் கையெழுத்துக்குத்தான் காத்திருக்கிறது. கணக்கு வாத்தியார் என்ற பாவத்துக்காகக் கேள்வி தயாரிக்கும் குழுவில் என்னையும் போட்டார்கள். கேள்வித்தாளின் தலையில் எந்தப் பள்ளியின் சின்னம் முதலில் வருவது என்ற சண்டையிலேயே முதல் கூட்டம் முடிந்தது. கடைசியில் ஐந்தையும் வட்டமாகப் போட்டோம், அதற்கே பாதிப் பக்கம் போயிற்று, பிள்ளைகளின் எதிர்காலத்துக்கு மீதிப் பாதி.

அடுத்த கூட்டத்தில் தலைவர் ஒரு விதி கொண்டுவந்தார். எந்தப் பள்ளியாவது வேண்டாம் என்றால் அந்தக் கேள்வி வெளியே. அன்று பிடித்தது சனி. சுவரில் சாய்த்த ஏணி எவ்வளவு உயரம் எட்டும் என்று நான் அருமையாக ஒரு கணக்குப் போட்டிருந்தேன். எதைக் கண்டாலும் அழிக்கச் சொல்வதால் 'ரப்பர்' என்று நாங்கள் பெயர் வைத்திருக்கும் அறிவியல் வாத்தியார், "எங்க பிள்ளைங்க அந்தப் பாடத்துக்கே இன்னும் வரலை சார், ஏணியைத் தூக்குங்க" என்றார். தூக்கினோம். வேலைக்கு விண்ணப்பம் எழுதும் கேள்வியை மொழி ஆசிரியை கொண்டுவந்தார். "எழுத வச்சிரலாம்மா, அத்தனையையும் யாரு உட்கார்ந்து திருத்துறது?" என்றார் தலைவர். அதுவும் போச்சு. ரப்பரின் மின்சாரக் கேள்வியை நான் வேண்டாம் என்றேன், பழிக்குப் பழி என்று நினைக்காதீர்கள், எங்கள் ஆய்வகத்தில் மின்சாரமே கிடையாது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக, யாரும் வேண்டாம் என்று சொல்லாத ஏழு கேள்விகள் மிஞ்சின.

அதை வைத்துப் போன வாரம் வெள்ளோட்டமும் விட்டாயிற்று. எழுதிய பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். முடிவு இன்னும் வரவில்லை, வரத் தேவையும் இல்லை, எல்லோருக்கும் முழு மதிப்பெண்தான். என் வயிறு எரிவது இங்கேதான் மச்சான். என் மகள், உங்கள் மருமகள், இரண்டு வருடமாக முதுகு ஒடியப் படிக்கிறாள். வகுப்பில் மேசைமேல் தூங்கி எழுந்தவனும் அவளும் ஒரே மார்க்கோடு ஒரே வரிசையில் நின்றால் அவளுக்கு யார் இடம் கொடுப்பார்கள்? பயமாக இருக்கிறது. தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். அந்தக் கோப்பை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்துவிடுங்கள், அந்த வித்தையை உங்கள் அலுவலகத்துக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எந்தக் குழுவிலும் மாட்டாமல் நூறாண்டு வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: உறையை ஒட்டும்முன் முடிவு வந்துவிட்டது. எல்லோருக்கும் முழு மதிப்பெண், எல்லோரும் தயார், உங்கள் மருமகளைத் தவிர. 'மேலதிகாரி தவறாகச் சொன்னால் என்ன செய்வாய்?' என்று ஒரு கேள்வி, தலைவரே போட்டது, அதனால் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தலையாட்டுவேன், பாராட்டுவேன், இரண்டும் செய்வேன் என்று மூன்று விடைகள். இவள் மூன்றையும் விட்டுவிட்டு ஓரத்தில் 'தவறு என்று சொல்வேன்' என்று எழுதியிருக்கிறாள். வேலைக்குத் தயாரில்லை என்று முத்திரை குத்திவிட்டார்கள். "உங்க பொண்ணு எழுதினது சரியா சார்?" என்று தலைவர் எல்லோர் முன்னாலும் கேட்டார். "நீங்க சொல்றதுதான் சார் சரி" என்றேன். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிட்டு உடனே கையெழுத்துப் போடுங்கள், நிறுத்தினால் பழி என் தலையில் விழும். தேர்வில் குறையில்லை, பெண்ணைத்தான் சரிசெய்ய வேண்டும். தலையாட்டச் சொல்லித்தர நல்ல டியூஷன் இருந்தால் விசாரித்து எழுதுங்கள். அவளிடமும் சொன்னேன்.

"டியூஷன் எதுக்குப்பா? வீட்டுலயே வாத்தியார் இருக்காரே" என்கிறாள்.