இடுப்பு வாரும் மூன்றாவது ஸ்ட்ரைக்கும்

மரியாதைக்குரிய ஆர்டிஸ் அக்காவுக்குத் தம்பி லைல் எழுதுவது. இங்கே நானும் டோரிஸும் நலம், அங்கே நீயும் அத்தானும் நலமென்று நம்புகிறேன். விசாரிப்பு முடிந்தது. நீ எழுதி அனுப்பிய முட்டைக்கோஸ் சூப் வைத்தியத்தால் இந்த ஊரில் என் மானம் போயிற்று.

ஆறு வாரம் அந்தக் கண்றாவியைக் குடித்து இருபது பவுண்டு இளைத்தேன். கால்சட்டை இடுப்பில் நிற்க மாட்டேனென்கிறது. ஞாயிற்றுக்கிழமை எல்ம் க்ரீக் ஊரோடு ஆட்டம். ஜெயித்தால் மாநிலப் போட்டி. நம் பேஸ்பால் அணி அங்கே போய் பதினோரு வருஷமாகிறது. மட்டை பிடிப்பவர்களுக்குப் பயிற்சியாளன் நான், பத்தொன்பது வருஷமாக மூன்றாம் பேஸ் அருகே நின்று சைகை காட்டுகிறேன். தொப்பியைத் தொட்டால் அடி, இடுப்பு வாரைத் தொட்டால் பந்தை விட்டுவிடு. கடைசிக் கட்டம், ஒரே ஒரு ஓட்டம் பாக்கி, மூன்று பேஸிலும் நம் ஆட்கள், மட்டையோடு டுவேன் ஹோஃப்ஸ்டாட், அவனுக்கு இரண்டு ஸ்ட்ரைக் விழுந்தாயிற்று, இன்னொரு நல்ல பந்தை அடிக்காமல் விட்டால் மூன்றாவதும் விழுந்து அவன் அவுட், ஆட்டமும் முடிந்தது. அந்த நேரம் பார்த்துக் கால்சட்டை நழுவியது. போதகரின் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள், நான் என்ன செய்ய? வாரைப் பிடித்து மேலே இழுத்தேன். வந்தது பார், அல்வா மாதிரி ஒரு பந்து! டுவேன் நட்டுவைத்த கம்பமாக நின்றான். மூன்றாவது ஸ்ட்ரைக். தோற்றோம்.

அணியின் நிர்வாகி வெர்னா ஓடிவந்தாள். "ஏன்யா, ரெண்டு ஸ்ட்ரைக் விழுந்தப்புறம் எந்த மடையனாவது பந்தை விடச் சொல்வானா?"

"நான் சொல்லல தாயே, கால்சட்டை இறங்கிடுச்சு!"

"அதைச் செவ்வாக்கிழமை கமிட்டில வந்து சொல்லு. உனக்கு வேலை இருக்கா இல்லையான்னு அன்னிக்குத் தெரியும்."

பந்து மட்டையில் படும்வரை கண்ணை எடுக்காதே, இடுப்பு முதலில் திரும்பட்டும், கை தானாகப் பின்னால் வரும், கண்ட பந்தையும் துரத்தாதே, நல்லது வந்தால் விடாதே என்று நான் தொண்டைத்தண்ணி வற்றக் கத்தியது ஒருத்தன் காதிலும் ஏறவில்லை, என் வார் மட்டும் கண்ணில் பட்டுவிட்டதாம்! காபி குடிக்கப் போனால் கடையில் ஒவ்வொருவனும் எழுந்து கால்சட்டையைத் தூக்கிக் காட்டுகிறான். இந்த வேலையும் போனால் கோடைக்காலத்தில் நான் எதற்காக எழுந்திருப்பேன், நீயே சொல். அழுகை வருகிறது அக்கா. எல்லாவற்றுக்கும் உன் சூப்தான் காரணம் என்று கமிட்டிக்கு நீ கைப்பட எழுதித் தர வேண்டும்.

அத்தானின் முழங்காலை விசாரித்ததாகச் சொல். ஆண்டவர் உன்னைக் காப்பாற்றட்டும். உன் சமையலிலிருந்து அத்தானையும் காப்பாற்றட்டும்.

கோபத்துடன் உன் தம்பி,
லைல்

பி.கு.: தபாலில் போடுவதற்குள் கமிட்டி கூடிவிட்டது. டுவேன் எழுந்து, "லைல் அண்ணன் மேல தப்பே இல்லீங்க. அவர் வாரைத் தொட்டதை நான் பாக்கவேயில்ல. பந்தைப் பாத்ததும் கைகால் வெலவெலத்துப் போச்சு, அவ்வளவுதான். அவரை நாங்க யாருமே பாக்கறதில்லீங்களே, ஆறு வருஷமாச்சு" என்றான். அத்தனை ஆட்டக்காரர்களும் தலையாட்டினார்கள். என்னால் யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை என்று ஏகமனதாக முடிவு செய்து, அடுத்த வருஷமும் என்னையே நியமித்துவிட்டார்கள்.