நடுப்பிள்ளைக் கணக்கு

சேசு மரி சூசை துணை

கொட்டாஞ்சேனை
1946 ஆகஸ்ட், வெள்ளிக்கிழமை

அன்பு மகன் அந்திரேசுக்கு உன் அம்மா மதலேனாள் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்காவும் அவள் மகள் நேசமலரும் ஆண்டவர் கிருபையால் இங்கே சுகம். கல்கிசையில் நீயும் உன் பெண்சாதியும் ஏழு பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். உன் மாமியாரும் சுகமாயிருக்கட்டும். முறைக்கு எழுத வேண்டுமென்று எழுதுகிறேன், வேறொன்றுமில்லை.

இங்கே நடந்த அநியாயத்தைக் கேள். கான்வென்டில் இலவசமாகப் படிக்க ஒரு சோதனை வைக்கிறார்கள் அல்லவா, அதற்குப் பெயர் அனுப்புகிறவர் எங்கள் ஒழுங்கையில், நாலு வீடு தள்ளி, பாடம் சொல்லிக்கொடுக்கும் பேதுரு மாஸ்டர். நேற்றுத்தான் கடைசி நாள். நேசமலர் அழுதுகொண்டு வந்து, மாஸ்டர் தன் பெயரை வெட்டிவிட்டார், கள்ளி என்றும் சொல்லிவிட்டார் என்றாள். அடுப்பில் கிடந்த மீன்குழம்பை அப்படியே விட்டுவிட்டு (அது அடிப்பிடித்தது, அதுவும் மாஸ்டர் கணக்கில்தான்) பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மனுசன் வாசலில் போய் நின்றேன். பாடத்துக்கு வந்த பிள்ளைகளெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"ஆச்சி, சத்தம் போடாதேங்கோ. இருபத்தொண்டில இருந்து இருபத்தேழு வரைக்கும் ஏழு இலக்கம், அவரேஜ் என்ன எண்டு கேட்டன். எல்லாத்தையும் கூட்டி ஏழால பிரிக்கோணும். பக்கத்தில இருந்த பிள்ளை அரைப்பக்கம் எழுதியிருக்கு. உங்கட பேத்தி இருபத்திநாலு எண்டு மட்டும் எழுதிப்போட்டுச் சும்மா இருந்தவ. பார்த்து அடிக்காமல் வேற எப்பிடி?"

"நான் பார்த்து எழுதேல்ல மாஸ்டர்," என்றது பிள்ளை. "ஒண்டுக்குப் பின்னால ஒண்டாய் வந்தால் நடுவில நிக்கிறதுதான் அவரேஜ். அந்திரேசு மாமாவின்ட பிள்ளையள் மாதிரி."

மாஸ்டர் சிரித்தார். பிள்ளை விடவில்லை. "மூத்தவனுக்கு ஏழு நடக்குது, கடைக்குட்டிக்கு ஒண்டு. மூத்தவன் மூண்டு வயசைக் கடைக்குட்டிக்குக் குடுத்தால் ரெண்டு பேருக்கும் நாலு. ரெண்டாவது, ஆறாவதுக்கு ரெண்டைக் குடுத்தால் அங்கயும் நாலு. எல்லாரும் நடுப்பிள்ளையின்ட வயசுக்கு வந்திடுவினம். கூட்டத் தேவையில்லை."

"அதுகள் வருசம் தவறாமல் பிறந்ததுகள் எண்டு என்ன சாட்சி?"

என்னிடமா கேட்கிறார் சாட்சி! உன் வீட்டு ஞானஸ்நானங்களில் ஒன்றையாவது நான் மறந்தேனா? முதலாவதற்கு எனக்கு உட்காரக் கதிரை இல்லை. அடுத்த வருசம் இரண்டாவது, கேக்கில் கருகிய கரையைத் தந்தாள் உன் பெண்சாதி. அடுத்த வருசம் மூன்றாவது, படம் பிடிக்கும்போது உன் மாமியாரின் குடைக்குப் பின்னால் என்னை நிறுத்தினார்கள், படத்தில் என் காது மட்டும் இருக்கிறது. இப்படி ஏழுக்கும் ஏழு அவமானம், வருசத்துக்கொன்று, இடையில் ஒரு வருசம்கூட நிம்மதி இல்லை என்று வரிசையாகச் சொன்னேன். மாஸ்டர் விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனவர் நாலாவதில் நிறுத்தினார்.

"அந்த நடுப்பிள்ளை ஆர் ஆச்சி? பேர் என்ன?"

மகனே, உனக்குத் தெரியும். மூன்று பையன்களுக்குப் பிறகு பிறந்த பெண் அவள். முதல் பெண்ணுக்கு அப்பனைப் பெற்றவளின் பெயரை வைப்பது நம் குடும்ப வழக்கம். நீங்கள் உன் மாமியாரின் பெயரை வைத்தீர்கள். அன்றைக்குக் கோயில் வாசலில் நின்று, இந்தப் பெயரை என் நாவில் எடுக்கமாட்டேன் என்றேன். எடுக்கவுமில்லை. "அந்தப் பிள்ளை" என்றுதான் நாலு வருசமும். இப்போது நேசமலர் என் முகத்தைப் பார்க்கிறாள், மாஸ்டர் பேனாவை மூடப் போகிறார். நான் என்ன செய்ய?

"இசபெல்லாள்!" என்றேன். ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும்.

மாஸ்டர் விடவில்லை. நூற்றொன்றிலிருந்து நூற்றுப்பதினொன்று வரைக்கும் அவரேஜ் என்ன என்றார். அவர் வாயை மூடுமுன் "நூத்தியாறு" என்றது பிள்ளை. அவர் தாளை எடுத்துக் கூட்டிக் கூட்டிப் பிரித்து வேர்த்துப்போய் நூற்றாறு என்றார், நேசமலரின் பெயரை எழுதினார், தன் கையாலேயே கான்வென்டுக்குக் கொண்டுபோனார். போகும் வழியில் அவரும் விரலை மடக்கி ஏழு பிள்ளைகளைச் சொல்லிப் பார்த்ததாக உன் அக்கா சொல்கிறாள். நான் வீட்டுக்கு வந்து கருகின குழம்பைத் தின்றேன், தேன் மாதிரி இருந்தது.

ஆகையால் மகனே, உன் வீட்டின் மேல் எனக்கிருந்த மனத்தாங்கல் எல்லாவற்றையும் இன்றோடு விட்டேன். வருகிற ஞாயிறு ட்ராமோ பஸ்ஸோ பிடித்து எல்லாரையும் கூட்டிவா. இசபெல்லாளை என் பக்கத்தில், நடுவில் இருத்துவேன். ஏழு பேருக்கும் என் ஏழு முத்தங்கள். மாதா உங்களைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா
மதலேனாள்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுகிற நேரத்தில் உன் பக்கத்து வீட்டு ஜவாஹிறா, துணி வாங்க இந்தப் பக்கம் வந்தவள், எட்டிப்பார்த்தாள். உன் பெண்சாதி மறுபடி மாசமாயிருக்கிறாளாம். பெற்றவளுக்குச் சொல்லவில்லை. நேசமலரிடம் கேட்டேன்: எட்டுப் பிள்ளையானால் நடுவில் ஆளே இல்லையாம், இசபெல்லாளுக்கும் அவள் தம்பிக்கும் இடையில் வெறும் நாலரை நிற்குமாம். ஆகவே மேலே எழுதிய மன்னிப்பில் பாதியை நிறுத்தி வைத்திருக்கிறேன். பெண் பிறந்தால், பெயரைக் கேட்டுவிட்டு மீதியைத் தருவேன். பையன் பிறந்தால், உன் பெண்சாதி வேண்டுமென்றே செய்தாள் என்றுதான் எடுத்துக்கொள்வேன்.