பற்றாக்குறைக்குப் பஞ்சம்

"அந்த ஊர்ல ஒரு தமிழ்க் குடும்பமாவது இருந்தாத்தான் நான் வருவேன்" என்று மனைவி ரோஷினி சொன்னதை இளமாறன் சின்னப் பிரச்சினை என்றே நினைத்தான்.

பெரிய பிரச்சினைக்கு அப்போதுதான் வழி பிறந்திருந்தது. அவன் ஹூஸ்டனுக்கு மேற்பயிற்சிக்கு வந்த டாக்டர். அந்த விசாவில் வந்தவர்கள் பயிற்சி முடிந்ததும் இரண்டு வருஷம் சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும். 'இவர் எங்களுக்குத் தேவை' என்று ஓர் அரசுத் துறை சிபாரிசு செய்தால் மட்டும் விலக்கு உண்டு. அவனுக்குச் சிபாரிசு செய்ய முன்வந்தது விவசாயத் துறை. சிரிக்க வேண்டாம். விவசாயிக்கும் நெஞ்சு வலிக்கும். கிராமத்துக்கு வர அமெரிக்க டாக்டர்கள் தயாரில்லை. டாக்டர் பற்றாக்குறை உள்ள ஊரில் மூன்று வருஷம் வேலை பார்ப்பதாக ஒப்புக்கொண்டால் துறை கையெழுத்துப் போடும். மேற்கு டெக்சாஸில் ட்ரை வில்லோ என்ற ஊரின் ஆஸ்பத்திரி அவனை எடுத்துக்கொள்ள, மனு வாஷிங்டன் போயிருந்தது.

தமிழ்க் குடும்பம்தானே? டாலஸில் ஜாக்சன் இருந்தான். கூடப் படித்தவன், டாக்டர், கையில் கிரீன் கார்டு.

"மாப்ள, டிராஃபிக்கே கிடையாதுடா. ஒரே ஒரு சிக்னல், அதுவும் பாதி நாள் எரியாது" என்று ட்ரை வில்லோவுக்கு அவனை இழுத்தான் இளமாறன்.

ஜாக்சன் அடுத்த மாதமே மனைவி ஜெஸ்மியோடு அங்கே போய் வேலையில் சேர்ந்துவிட்டான்.

ஆஸ்பத்திரி நிர்வாகி டாரதி போன் செய்தாள். "அருமையான டாக்டரை அனுப்பினீங்க. ஆனா இப்போ எங்க ஊர்ல பற்றாக்குறை இருக்கான்னு துறையில கேக்குறாங்க."

இளமாறன் ஜாக்சனைப் பிடித்தான். "டேய், அங்க வேலைப் பளு ஜாஸ்தி. உடம்பு தாங்காது. டாலஸுக்கே போயிடுடா."

"கரெக்டுடா, முதுகு ஒடியுது" என்ற ஜாக்சன் அதை அப்படியே டாரதியிடம் சொன்னான். அவள் பயந்துபோய், அவன் சிபாரிசு செய்த சைலஸ் என்ற இன்னொரு கிரீன் கார்டு டாக்டரையும் எடுத்துக்கொண்டாள்.

"பரவால்லைங்க. சிபாரிசு கிடைக்கலேன்னா நம்ம கோயம்புத்தூர்தானே? குடியா முழுகிடும்?" என்றாள் ரோஷினி. தன்னைத் தேற்றுகிறாள் என்று அவனுக்குக் கண் கலங்கியது.

மிச்சமிருந்தது ஒரே வழி. அந்த ஊரின் பழைய டாக்டருக்கு எழுபது தாண்டிவிட்டது. அவர் ஓய்வு பெற்றால் ஓர் இடம் குறையும். நாள் முழுக்கக் கார் ஓட்டிப் போய், ஓய்வின் மகிமையை அவருக்கு எடுத்துச் சொன்னான்.

"போன வருஷம் அந்த எண்ணத்துலதான் இருந்தேன்" என்றார் அவர். "இப்போ ரெண்டு பசங்க கூட இருக்காங்க. சுமை குறைஞ்சிடுச்சு. இன்னும் பத்து வருஷம் தாராளமா பார்க்கலாம்."

தொங்கிய தலையோடு டாரதியின் அறைக்குப் போனான். மனு திரும்பி வந்துவிட்டதாக அவள் சொன்னாள்.

"எனக்கு வருத்தம்தான், டாக்டர். வீட்டுல எப்படிச் சொல்றதுன்னு கவலைப்படாதீங்க, உங்க மனைவிக்கு இதெல்லாம் நல்லாப் புரியும். நாங்க உங்களை எடுத்த அன்னிக்கே எனக்குப் போன் பண்ணி, இங்க இன்னொரு டாக்டர் வந்து சேர்ந்தா உங்க மனு நின்னுடுமான்னு கேட்டாங்களே."